யாருக்கு வாடகைக்கு இல்லை?

“முஸ்லிம்களுக்குக் கொடுப்பதில்லை.” யாழ்ப்பாணத்திலாயினும் மட்டக்களப்பிலாயினும் வெள்ளவத்தையிலாயினும், வீட்டுத் தரகர் இவ்வாக்கியத்தை எவ்விதக் கூச்சமுமின்றிச் சொல்லுகின்றார். அவர்மீது குறைசொல்லிப் பயனில்லை. வீட்டுக்காரர் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லுகின்றார். அந்த வீட்டுக்காரரோ எழுத்தறியாதவரல்லர். வைத்தியராகவோ, பொறியியலாளராகவோ, கல்லூரி ஆசிரியராகவோ, நம் தொழிலைச் சேர்ந்த சட்டத்தரணியாகவோ இருக்கின்றார். மேடையிலே தமிழ் பேசும் மக்களின் ஒற்றுமை பற்றி முழங்குகின்றவரும் அவரே. படலையைச் சாத்தும்போது மட்டும் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடரின் நடுவிலுள்ள சொல் அவருக்கு மறந்துபோகின்றது.

வெள்ளவத்தையைக் குறிப்பிட்டோம். அங்கே 2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் திகதி நடந்ததை நம்மவர் மறந்திருக்கமாட்டார். விடியுமுன்னே விடுதிகளுக்குள் பொலிசார் புகுந்து, முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரை, ஆணென்றும் பெண்ணென்றும் நோயாளரென்றும் பாராது பஸ்களில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அக்காரியம் நின்றது. அக்காலத்திலே அறை தேடிச் சென்ற தமிழ் இளைஞனின் அடையாள அட்டையைப் பார்த்து, பிறந்த இடத்தைப் பார்த்து, “பிறகு வாரும்” என்று சொல்லிக் கதவைச் சாத்திய வீட்டுக்காரர் கூறிய நியாயம் யாது? “நீர் நல்லவராயிருக்கலாம், உங்கள் ஆட்களை நம்பமுடியாது” என்பதே. இன்று நம்மவர் முஸ்லிம் குடும்பத்துக்குக் கூறும் நியாயம் அதுதான். ஒரு சொல்லும் மாறவில்லை.

“என் வீடு, என் விருப்பம், இதற்குச் சட்டத்திலே தடையுண்டோ?” என்று சட்டம் பேசுவோரும் உளர். தடையில்லைதான். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி என்பவற்றின் பேரால் எப்பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. கடைகளுக்கும் உணவுச் சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் செல்வதை இக்காரணங்களால் எவருக்கும் கட்டுப்படுத்தலாகாது என்றும் கூறுகின்றது. ஆனால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டுமாயின், உரிமையை மீறியது அரசின் ஆட்சித்துறைச் செயலாகவோ நிருவாகச் செயலாகவோ இருத்தல் வேண்டும். தனியார் ஒருவரின் வளவுக்குள் அம்மனு நுழையாது. இதை அறிந்து நிம்மதி கொள்ளுகின்றவருக்கு நம் ஊரின் பழைய வழக்கொன்றை ஞாபகப்படுத்துகின்றோம். கிணற்றையும் தேநீர்க் கடையையும் கோவில் வாசலையும் சாதியின் பேரால் அடைத்து வைத்தவரும் “எங்கள் கிணறு, எங்கள் விருப்பம்” என்றே வாதித்தனர். அவ்வாதத்தை முறியடிக்க 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அச்சட்டம் வந்து பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னும், 1968 இலே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் மனிதர் உள்ளே செல்வதற்காகப் போராட வேண்டியிருந்தது. அன்று வாசலை மறித்து நின்றவரை இன்று எவரும் நியாயப்படுத்துவதில்லை; அவர்தம் பேரப்பிள்ளைகளும் நியாயப்படுத்துவதில்லை.

வீட்டை விடுத்து வாய்க்கு வருவோம். ‘சோனகர்’ என்பது பழைய தமிழ்ச் சொல். அதில் இழிவு எதுவுமில்லை. அதை ‘சோனி’ எனக் குறுக்கியது நம் வாய். ‘காக்கா’ என்பது முஸ்லிம் வீடுகளிலே தமையனை அழைக்கும் மரியாதைச் சொல். அதை இழுத்து, நெளித்து, நகைப்புக்குரியதாக்கியதும் நம் வாயே. இவற்றைப் பிள்ளைகள் பாடசாலையிற் கற்பதில்லை. சாப்பாட்டு வேளையிலே பெற்றோரிடம் கற்கின்றனர்.

இவ்வசைகளிலே ‘தொப்பி பிரட்டி’ என்பதற்கு மட்டும் சரித்திரச் சான்று உண்டென நம்மவர் எண்ணுகின்றனர். 1956 பொதுத் தேர்தலிலே தமிழரசுக் கட்சியின் சார்பில் கிழக்கில் வென்ற முஸ்லிம் உறுப்பினர் பின்னர் அரசாங்கப் பக்கம் சென்றதை இன்றும் விரல்மடித்துக் காட்டுவர். சென்றது மெய். ஆனால் 1948 இலே அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையிற் போய் அமர்ந்தாரே, மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமை பறிபோன ஆண்டல்லவா அது? அவர் பிரட்டியது எதை? தலைப்பாகையையா? அவருக்குப் பின்னும் மந்திரிப் பதவிக்காகவும் பிரதி மந்திரிப் பதவிக்காகவும் பக்கம் மாறிய தமிழர் எத்தனை பேர் என்பதை எண்ணத் தொடங்கினால் இப்பத்தி போதாது. ஆயினும் அதற்காகத் தமிழினம் முழுவதற்கும் எவரும் பட்டம் சூட்டவில்லை. அரசியல்வாதி மாறினால் அவர் அரசியல்வாதி. முஸ்லிம் அரசியல்வாதி மாறினால் அவர் முஸ்லிம். இத்தராசை யார் நமக்குத் தந்தார்?

சந்தைக்கு வருவோம். 2013 இலே தென்னிலங்கையில் ஹலால் முத்திரைக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. 2014 யூனிலே அளுத்கமை எரிந்தது. 2018 மார்ச்சிலே திகனை எரிந்தது. 2019 ஏப்ரலின் பின்னர், தங்கொட்டுவ வாராந்தச் சந்தைக்கு முஸ்லிம் வியாபாரிகள் வரலாகாது என்று பிரதேச சபைத் தலைவரே கடிதம் எழுதினார். அத்தடையை நீக்க மாரவில நீதவானின் கட்டளை வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் பேரினவாதம் என நாம் சரியாகவே பெயரிட்டோம். ஆனால் அதே நாட்களில், கிழக்கிலே நம்மவரிடையிலும் “அவர்கள் கடைக்குப் போகாதீர்” என்ற பிரசாரம் காதோடு காதாகவும் கைத்தொலைபேசி மூலமாகவும் நடந்தது. அதற்கு மட்டும் ‘விழிப்புணர்ச்சி’ என்று பெயர் வைத்தோம்.

இதன் மூடத்தனம் கற்றவரைவிடக் கமக்காரருக்கு விரைவிற் புரியும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரே வாய்க்காலின் நீர் தமிழர் வயலைக் கடந்து முஸ்லிம் வயலுக்கும், முஸ்லிம் வயலைக் கடந்து தமிழர் வயலுக்கும் பாய்கின்றது. இரு சாராரிலும் போடியார் உளர். வட்டவிதானையார் இரு சாராருக்கும் நீர் பங்கிடுகின்றார். தாய்வழிக் குடி முறையும், மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு வரவழைக்கும் வழக்கமும் இரு சாராருக்கும் பொது. அறுவடை முடிந்ததும் களத்துக்கு வந்து நெல்லுக்கு விலை பேசும் வியாபாரிகளிலே முஸ்லிம்கள் பலர். அவரை வரவிடாமற் செய்துவிட்டால் நெல்லின் விலை உயருமோ? வாங்குவோர் இருவர் ஒருவராகுவர். பொலன்னறுவைப் பெரிய ஆலைக்காரர் சொன்னதே விலையாகும். பகிஷ்கரிப்பை உபதேசித்தவர் அச்சமயம் வயலுக்கு வந்து ஒரு மூடையையும் வாங்கப் போவதில்லை. மாதச் சம்பளக்காரர் அவர்.

வதந்தியை நம்மவர் கையாளும் விதமோ இன்னும் வெட்கக்கேடானது. 2018 பெப்ரவரியிலே அம்பாறை நகரில், முஸ்லிம் உணவுக் கடையொன்றின் சாப்பாட்டிலே மலட்டு மருந்து கலந்திருந்ததாகக் கதை கட்டி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினர். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி எனத் தெரிந்தது. மறு ஆண்டிலே குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்றனர். ஆதாரம் எதுவுமில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றிலே தெரிவித்தது. இவ்விரண்டு கதைகளையும் கட்டியவர் தமிழரல்லர். ஆனால் தமிழ் வட்ஸ்அப் குழுக்களிலே அவற்றைத் தமிழ்ப்படுத்திப் பரப்பியவர் தமிழரே. இக்குழுக்களிலே நம் சகோதரச் சட்டத்தரணிகளும் இருக்கின்றனர். நீதிமன்றிலே எதிர்த்தரப்புச் சாட்சி “அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்” என்று வாய் திறந்தவுடன் துள்ளியெழுந்து ஆட்சேபிக்கின்றவர், இரவில் வீடு சென்றபின் நான்காம் கைமாறிய செவிவழிச் செய்தியை ‘அனைவருக்கும் அனுப்புக’ என்ற குறிப்போடு அனுப்புகின்றார். சாட்சியச் சட்டத்தை அங்கியோடு கழற்றி வைத்துவிடுகின்றார் போலும்.

“ஈஸ்டர் நாளை மறந்துவிட்டீரோ?” என்று கேட்பர். மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டியிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோனிலே மாண்டவருள் குழந்தைகள் பலர். அக்கொலைகாரருக்காக வாதாட நாம் வரவில்லை. ஆனால் அக்கும்பலின் தலைவனைப்பற்றி 2017 இலேயே பொலிசாரிடம் முறையிட்டவர் யார்? காத்தான்குடி முஸ்லிம்களே, சிறப்பாகச் சூபி வழியினர். அவர்கள் சொன்னதைக் கேளாதிருந்தது அரசு. வந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்தமைக்காக முன்னாள் சனாதிபதியையும் உயர் அதிகாரிகளையும் பொறுப்பாளிகளாக்கி 2023 சனவரியிலே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பிலே பொறுப்பென்று கூறப்பட்டவரை விட்டுவிட்டு, கல்முனையிலே துணிக்கடை வைத்திருப்பவரை நாம் தண்டிப்பது எந்தச் சட்டத்தின் கீழ்?

ஒரு கூட்டத்தில் ஒருவன் செய்த குற்றம் கூட்டம் முழுவதற்கும் ஆகும் என்னும் கொள்கையின் கொடுமையை உலகிலே தமிழரைவிட நன்கறிந்தவர் அரிது. 1983 யூலை அக்கொள்கையின் பேரிலேயே நடந்தது. ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்னும் பெயரோடு 1979 இலே வந்து நம் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகச் சிறையிட்ட பயங்கரவாதத் தடைச் சட்டமும் அதே கொள்கையினாலேயே உயிர்வாழ்ந்தது. ஈஸ்டரின் பின் அச்சட்டம் முஸ்லிம்கள்மேற் பாய்ந்தது. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ‘நவரசம்’ என்ற கவிதை நூலின் பேரால் 2020 மே மாதம் கைது செய்யப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் மறியலிலிருந்து, 2023 டிசெம்பரிலே புத்தளம் மேல் நீதிமன்றத்தினால் விடுவிக்கப்பட்டார். அந்நூல் தமிழ் நூல். அதிலே தீவிரவாதம் உண்டா இல்லையா என்பதை அறிய மொழிபெயர்ப்பாளர் வேண்டாத ஒரேயொரு சமூகம் நாமே. தமிழுக்காக உயிரையும் கொடுப்போம் என்று மேடை தோறும் கூறுவோரில் எத்தனை பேர் அந்நூலை வாங்கிப் படித்து, “இதிலே குற்றமில்லை” என்று உரத்துக் கூறினர்? சிலர் கூறினர். அவர் தொகை மிகச் சிறிது.

நேர்மாறாக நடந்ததையும் சொல்ல வேண்டும். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, குடும்பத்தாரின் கண்ணீரையும் பொருட்படுத்தாது, 2020 தொடக்கம் அரசு எரித்தது. பிறந்து இருபது நாளான சிசுவையும் எரித்தது. 2021 பெப்ரவரியிலே பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழர் நடந்த பேரணியின் கோரிக்கைகளுள் இக்கட்டாய எரிப்பை நிறுத்துதலும் ஒன்றாயிருந்தது; வழியெங்கும் முஸ்லிம்கள் தண்ணீரோடு வந்து நின்றனர், உடன் நடந்தனர். அம்மாத முடிவிலே அரசு இறங்கி வந்தது. 2024 இலே அமைச்சரவை மன்னிப்பும் கோரியது. முஸ்லிம்களோடு சேர்ந்து நடந்ததனால் நம்மவருக்கு நட்டம் ஏற்படவில்லை என்பதை, ஒற்றுமை ஆபத்தானது என அஞ்சுவோர் கவனிக்க.

ஆடையைப்பற்றி ஒரு வார்த்தை. 2018 இலே திருகோணமலையில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா பெரிய சண்டையாயிற்று. 1958 இலும் 1983 இலும் பொட்டை அழித்துவிட்டு வீதியில் இறங்கிய தாய்மாரின் மக்கள் நாம். ஒரு பெண்ணின் உடையைக் கண்டு அவளுடைய விசுவாசத்தை அளக்கும் வேலை நமக்கு ஏற்றதன்று. இதற்குமேல் இவ்விடயத்தில் விளக்கம் வேண்டியதில்லை.

நம்மவரின் முறைப்பாடுகள் யாவும் கற்பனை என்று கூறமாட்டோம். 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் சுடப்பட்டது மெய். அதே மாதம் 12 ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோவிலிலே தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதும், ஊர்காவற் படையினர்மேற் குற்றஞ்சாட்டப்பட்டதும் மெய். இரண்டுக்கும் நீதி கிடைக்கவில்லை. வீரமுனைக்கு நீதி வேண்டின் படை ஊழியரையும் அவருக்குத் துவக்குக் கொடுத்த அரசையும் கேட்க வேண்டும். மீன் விற்கச் சைக்கிளில் வருகின்ற வயோதிபரிடம் அதைக் கேட்டுப் பயனென்ன?

காணி விடயமும் அவ்வாறே. “அவர்கள் நம் நிலத்தை விழுங்குகின்றனர்” என்பர். உறுதிகள் எழுதுவது நம் தொழில். ஆதலால் அறிந்தே சொல்லுகின்றோம். விற்பவர் தமிழர், விலை பேசியவர் தமிழ்த் தரகர், கூட்டிக் கொடுக்கப்பட்ட விலையை வங்கியில் இட்டவரும் தமிழர். பணம் வைப்பிலான பின்னர் திண்ணையிலிருந்து நிலம் போயிற்றென்று புலம்புகின்றார். தேசவழமையிலே வாங்கும் முன்னுரிமை உண்டெனச் சிலர் எடுத்துக்காட்டுவர். அவ்வுரிமை 1947 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கூட்டுரிமையாளருக்கும் உரித்தாளிகளுக்கும் உரியது; குடும்பச் சொத்தைக் காக்க வந்த விதி, இனத்துக்குப் போட்ட வேலியன்று. அரச காணியைச் செல்வாக்கினால் ஒருவர் பிடித்தாரென்றால் வரைபட இலக்கத்தோடும் உத்தியோகத்தரின் பெயரோடும் வாருங்கள், வழக்குத் தொடரலாம். இலக்கமும் பெயருமில்லாத முறைப்பாடு வதந்தியே.

இன்னொரு சாரார் இருக்கின்றனர். அவர் அன்பாகவே பேசுவர். “முஸ்லிம்களும் தமிழரே, மதம் மட்டும் வேறு, ஆகவே அவரை வெறுக்கலாகாது” என்பர். இவ்வன்பையும் நாம் ஏற்பதற்கில்லை. 1888 இலே பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசிய சங்கத்திலே சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதித்தார். சட்டசபையிலே அவருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டியதில்லை என்பதற்கே அவ்வாராய்ச்சி உதவிற்று. 1907 இலே ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். 1915 கலவரத்திலே தாக்கப்பட்டவர் முஸ்லிம்களாயிருக்க, இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியதையும் அச்சமூகம் மறக்கவில்லை. நாம் யாரென்று சிங்களவர் தீர்மானிக்கலாகாது என்போர், முஸ்லிம் யாரென்று தாம் தீர்மானிக்க முற்படுவது எவ்வாறு? அவர் தம்மைத் தனி இனமென்றால் தனி இனமே. அயலவரை மதிப்பதற்கு அவர் நம் உறவினராயிருத்தல் அவசியமன்று.

மொழி உறவு அதனாற் குறையப்போவதுமில்லை. 1882 இலே ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, 1885 இலே ‘அஸன்பேயுடைய சரித்திரம்’ என்னும் நாவலைத் தமிழில் எழுதிய சித்திலெவ்வை கண்டியிற் பிறந்தவர். நம்மைப்போற் சட்டத் தொழிலர். வண்ணார்பண்ணையிலே பிறந்து, வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்ற அ. மு. அ. அசீஸ், இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆவார். 1942 இலே உணவுப் பஞ்சம் நெருக்கியபோது உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்குச் சென்று காடு வெட்டி வயலாக்க வழிசெய்தவரும் அவரே. அவ்வயல்களிலே விளைந்த நெல்லை உண்டவர் இன்ன சாதி, இன்ன மதம் என்று யார் கணக்கெடுத்தார்? அவர் பிறந்த ஊரிலிருந்தே அவருடைய சமூகம் துரத்தப்பட்டது என்பதுதான் நாம் முகங்கொடுக்க வேண்டிய காரியம்.

1990 ஒக்டோபரின் இரண்டாம் பாதியிலே வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்திலே அம்மாதம் 30 ஆம் திகதி அவரை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துள் வெளியேறும்படி ஆணையிட்டனர். நகையையும் பணத்தையும் சோதனையிட்டுப் பறித்தனர். 2002 ஏப்ரலிலே கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் அது அரசியல் தவறென்று ஒப்புக்கொண்டார். “ஆயுதம் தாங்கியவர் செய்தார், நாம் என்ன செய்திருக்க முடியும்?” என்பது நம்மவரின் மறுமொழி. அன்றைக்கு அது மறுமொழியாகலாம். ஆட்கள் போனபின் அவ்வீடுகளின் கதவுகளையும் யன்னல்களையும் ஓடுகளையும் மலிவு விலைக்கு வாங்கியவரையும் ஆயுதமுனையிலா வாங்கச் செய்தனர்? 2009 க்குப் பின், அவர்கள் திரும்பி வந்தபோது, “இவர்கள் புத்தளத்து ஆட்கள், வெளியார், பட்டியலிற் சேர்க்கலாகாது” என்று முணுமுணுத்தவரின் தலைக்கு நேரே எந்தத் துவக்கு நீட்டப்பட்டிருந்தது?

அதே 1990 இலே, யூன் மாதத்திலே, வலிகாமம் வடக்கு மக்கள் பலாலியிலிருந்தும் மயிலிட்டியிலிருந்தும் வெளியேறினர். அவரின் பிள்ளைகள் முகாம்களிலே பிறந்தனர்; முகாம்களிலே பூப்படைந்தனர்; முகாம்களிலே மணம் முடித்தனர். 2017 யூலையிலே மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டபோது அப்பிள்ளைகளை ‘மல்லாகத்து முகாமார்’ என்று எவரும் தடுக்கவில்லை. மயிலிட்டியார் என்றே அழைத்துச் சென்றனர். அது நியாயம். புத்தளத்து ஓலைக் கொட்டிலிலே பிறந்த பிள்ளையின் தகப்பன் சோனக தெருவிலே பிறந்தவனாயின் அப்பிள்ளையும் யாழ்ப்பாணத்தான். நான்கு மாத இடைவெளியில் நடந்த இரண்டு வெளியேற்றங்களுக்கு இரண்டு நியாயங்கள் இருக்க முடியாது. ஒன்றை ஐக்கிய நாடுகள் சபைக்கு எடுத்துச் சென்று, மற்றதைப்பற்றி வாய்மூடியிருப்போமாயின், ஜெனீவாவிலே நம் வாதத்தை நம்புகின்றவர் யார்?

திரும்பி வந்தவர் பலருக்கு இன்று இடையூறாயிருப்பது உறுதி தொலைந்ததும் எல்லை அழிந்ததுமே. வேலி போய்விட்டது, பங்குக் கிணறு தூர்ந்துவிட்டது, அயற்காணிக்காரர் இரண்டு முழம் தள்ளிக் கதியால் நட்டுவிட்டார். பத்தாண்டு எதிரிடையாக ஆண்டால் உரிமை வரும் என்ற 1871 ஆம் ஆண்டுச் சட்டம் இடம்பெயர்ந்தவருக்கு எமனாயிற்று. அதைத் தணிக்க 2016 இலே விசேட சட்டமொன்று வேண்டியதாயிற்று. ஆனால் எந்தச் சட்டமும் எல்லையைக் காட்டாது. காட்டக்கூடியவர், 1990 க்கு முன் வேலிக்கு இப்பால் வாழ்ந்த தமிழ் அயலவர். ‘இந்தப் புளியமரம் வரை அவர்களுடையது, கிணற்றிலே அரைப் பங்கு அவர்களுக்கு’ என்று சொல்லத் தெரிந்த அவருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவருள் பலர் இறந்துவிட்டனர். எஞ்சியவரை அவர்தம் பிள்ளைகள் சமாதான நீதவானிடம் இவ்வாண்டே அழைத்துச் செல்க. அறிந்ததைச் சத்தியக் கடதாசியில் எழுதிக் கையொப்பமிடச் செய்க. சோனக தெருவிலிருந்து மன்னார் வரை இதை எழுதிக்கொடுக்கும் சட்டத்தரணிகள் முத்திரைச் செலவுக்கு மேல் எவரிடமும் ஒரு ரூபாவும் வாங்க வேண்டாம்.